1/2 + 1/3 = 2/5 ஆ? மரக்காணம் முதல் டிஎன்பிஎஸ்சி வரை துரத்தும் ஆறாம் வகுப்புக் கணக்கு

போனில் கால்குலேட்டரைத் திறக்காமல் சொல்லுங்கள்: 1/2 + 1/3 எவ்வளவு?

மனசுக்குள் ஒரு நொடி 2/5 என்று வந்து போயிருந்தால் வெட்கப்பட வேண்டாம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்யும் தப்புதான் அது. மேலே உள்ளதை மேலே இருப்பதோடும், கீழே உள்ளதைக் கீழே இருப்பதோடும் கூட்டிவிடுவது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் 2/5 என்பது 0.4. அதாவது அரையைவிடக் குறைவு. அரைக் கிலோ சர்க்கரையோடு இன்னும் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டினால் எடை குறையுமா? குறையாது. சரியான விடை 5/6.

இந்தச் சின்னக் கணக்கை இப்போது ஏன் பேச வேண்டும்? மத்திய கல்வி அமைச்சகத்தின் 'பரக்' அமைப்பு 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் 3, 6, 9ஆம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு தேர்வு நடத்தியது. 74,229 பள்ளிகள், 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். 2025 ஜூலையில் முடிவுகள் வெளியானபோது, ஆறாம் வகுப்புக் கணக்கில் அடிமட்டத்தில் இருந்த எண் 29. அரை, கால் போன்ற அன்றாடப் பின்னங்களைக் குறித்துக் காட்டவும் ஒப்பிடவும் முடிந்தவர்கள் தேசிய அளவில் 29 சதவீதம் பேர்தான். கவனியுங்கள், கூட்டச் சொல்லவில்லை. எது பெரிசு, எது சின்னது என்று கேட்டதற்கே இந்த நிலை. ஒன்பதாம் வகுப்பிலும் எண் வகைகள், பின்னம், சதவீதம் சார்ந்த பகுதிகளில் சரியாகப் பதில் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்த ஒன்பதாம் வகுப்பு பேட்ச் 2025-26இல் பத்தாம் வகுப்பில் இருந்தது. அவர்கள் பின்னத்தைக் கூட்டக் கற்றிருக்க வேண்டிய நேரத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க, விழுப்புரம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதலியார்குப்பத்தில் தொடங்கிய கதை

2021 அக்டோபர் 27. திண்டிவனத்திலிருந்து கிழக்கே, கடலோரம் இருக்கும் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். முதல்வர் மு.க.ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர் இதுதான். கொரோனா காலத்தில் விட்டுப்போன பாடங்களை, மாலை நேரத்தில், வீட்டுப் பக்கத்திலேயே தன்னார்வலர்களைக் கொண்டு சொல்லிக் கொடுப்பது திட்டம். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். முதலில் 12 மாவட்டங்களில் பரிசோதனை. விழுப்புரமும் அதில் ஒன்று.

திட்டம் பலன் கொடுத்ததா? கொடுத்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்திருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு என்பது அவர்கள் கணக்கு. ஒரு அரசுத் திட்டத்துக்கு இது நல்ல மதிப்பெண்தான்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகள். அவர்களைவிடச் சற்று மூத்த பேட்ச் ஒன்று இருந்தது. நாம் பேசும் பத்தாம் வகுப்பு பேட்ச் அதுதான். அவர்கள் வழியைக் கொஞ்சம் நிதானமாகத் திரும்பிப் பார்க்கலாம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவர்கள் நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு முழுக்க வீட்டில்தான். கல்வித் தொலைக்காட்சியும், வீட்டில் இருந்தால் ஒரு ஸ்மார்ட்போனும். ஆறாம் வகுப்பும் வீட்டிலேயே ஆரம்பித்தது. 2021 நவம்பர் 1 அன்றுதான் ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது. அடி எடுத்து வைத்து இரண்டு மாதம் ஆவதற்குள் ஒமிக்ரான். 2022 ஜனவரியில் மறுபடி மூடல், பிப்ரவரி 1 அன்று மறுபடி திறப்பு.

இப்போது தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். மீ.சி.ம., அதாவது மீச்சிறு பொது மடங்கு, இரண்டாம் பருவத்தில் வருகிறது. வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவது மூன்றாம் பருவத்தில், முதல் பாடமாக. மூன்றாம் பருவம் என்றால் வழக்கமாக ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பொங்கல் லீவு, விளையாட்டு விழா, ஆண்டு விழா, தேர்தல் வந்தால் அந்த வேலை எல்லாம் முட்டிக்கொள்ளும் பருவம். நல்ல வருஷத்திலேயே அவசரமாக முடிக்கப்படும் பாடம் இது. அந்த வருஷமோ பள்ளி பாதி மூடிக் கிடந்தது, பாடத்திட்டமும் குறைக்கப்பட்டிருந்தது.

அதோடு விடவில்லை. இதே பிள்ளைகள் ஒன்பதாவதில் இருந்த 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பரக் தேர்வு தேதி டிசம்பர் 4. மாவட்டம் வெள்ளத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த வாரம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் விழுப்புரத்துக்கென்று தனி எண் எதையும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தேசிய எண்ணே போதும்.

யாரும் சோதிக்காத இடைவெளி

இதில் என் கண்ணுக்குப் படும் பெரிய சிக்கல் வேறொன்று. நம் ஊரில் கணக்குத் திறனை அளக்கும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் நிற்கின்றன.

ஒரு முனையில் 'ஏசர்' கணக்கெடுப்பு. பிரதம் நிறுவனம் 2005 முதல் கிராமங்களில் நடத்துவது. ஒவ்வொரு முறை வெளியாகும்போதும் நாளிதழ்களில் தலைப்புச் செய்தி. அந்தக் கணக்குச் சோதனை எண்ணை அடையாளம் காண்பதில் தொடங்கும். கடன் வாங்கிக் கழித்தல் வரும். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பதோடு முடிந்துவிடும். வீடு வீடாகப் போய் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டிய சோதனை என்பதால் அது அப்படித்தான் இருக்க முடியும். 2022இல் தமிழ்நாடு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்து வரை நீண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லித் தரும் முறை. தொடக்கப்பள்ளிக்கான திட்டம்.

இன்னொரு முனையில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு.

நடுவில் 6, 7, 8. முழு எண்ணிலிருந்து பின்னத்துக்கும், பின்னத்திலிருந்து இயற்கணிதத்துக்கும் பிள்ளை தாவ வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது. எட்டு வரை ஃபெயில் கிடையாது என்பதால் அந்தத் தாவலில் யார் விழுந்தார்கள் என்று மார்க் ஷீட்டும் சொல்லாது. (ஃபெயில் போட்டால் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஃபெயில் ஆன பிள்ளைக்குப் பின்னம் தானாக வந்துவிடப் போவதில்லை.) 2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்காகத் தமிழ்நாடு 'திறன்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருப்பது இந்த இடைவெளியை அரசும் பார்த்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஆனால் அந்த 2022 பேட்ச் அப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டது. பஸ் வந்தபோது இவர்கள் ஸ்டாப்பைத் தாண்டி நடந்துவிட்டார்கள்.

சரி, பிள்ளைகள் ஏன் இப்படிக் கூட்டுகிறார்கள்?

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். 2/5 என்று எழுதும் பிள்ளை ஒரு விதியைத்தான் பின்பற்றுகிறது, அந்த விதி வேறொரு இடத்தில் சரியாகவும் வேலை செய்கிறது.

எந்த இடம்? விடைத்தாள். முதல் பகுதியில் 10க்கு 7, இரண்டாம் பகுதியில் 20க்கு 15. டீச்சர் சிவப்பு மையால் 7/10, 15/20 என்று எழுதி, மொத்தம் 22/30 என்று போடுவார். மேலே மேலே, கீழே கீழே. நூற்றுக்கு நூறு சரி! வாரா வாரம் பிள்ளை பார்க்கும் 'கூட்டல்' இதுதான். பார்வைக்கு அதே கோடு, அதே மேல் எண், அதே கீழ் எண்.

வித்தியாசம் எங்கே என்றால், விடைத்தாளில் முழுப்பொருள் மாறிக்கொண்டே போகிறது. முதலில் 10 மார்க் தாள், பிறகு 20 மார்க் தாள், கடைசியில் 30 மார்க் தாள். பின்னக் கூட்டலில் முழுப்பொருள் மாறக் கூடாது. ஒரே கிலோ, ஒரே நிலம், ஒரே நாள். அந்த ஒன்றில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. 7/10ஐயும் 15/20ஐயும் எண்களாகக் கூட்டினால் 29/20 வரும், ஒன்றரைக்குக் கொஞ்சம் கம்மி. இந்த ஒரு வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசியத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13 + 7/8, இது தோராயமாக எவ்வளவு? விடை 1, 2, 19, 21 இவற்றில் எது? இரண்டுமே ஏறக்குறைய ஒன்று. ஆக விடை 2. பேப்பரே வேண்டாம். சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். 12உம் 7உம் 19. 13உம் 8உம் 21. ஒரு பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலும் கீழும் உட்கார்ந்திருக்கும் இரண்டு எண்களாகப் பார்த்ததன் விளைவு. கோளாறு பசங்களிடமா பாடத்திடமா என்று கணிதக் கல்வியாளர்கள் இன்றும் இந்த உதாரணத்தைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

கீழே இருக்கும் எண் உண்மையில் என்ன?

தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல் ரொம்ப அருமையானது: வேற்றினப் பின்னங்கள். வேறு இனம். மூன்று மாம்பழமும் இரண்டு வாழைப்பழமும் சேர்ந்தால் ஐந்து மாம்பழம் ஆகாது. 'ஐந்து பழம்' என்று இரண்டுக்கும் பொதுவான பேரில்தான் சொல்ல முடியும். பகுதி எண் என்பது அந்தப் பேர் மாதிரிதான். எத்தனை துண்டு என்பதைத் தொகுதி சொல்கிறது; என்ன சைஸ் துண்டு என்பதைப் பகுதி சொல்கிறது. சைஸைப் போய் யாரும் கூட்ட மாட்டார்கள்.

ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலை எடுங்கள். 12 சென்டிமீட்டரை ஒரு முழுசு என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 6. மூன்றில் ஒன்று 4. சேர்த்தால் 10. ஆக 12இல் 10, சுருக்கினால் 5/6. அவ்வளவுதான் விஷயம். 12 ஏன்? பாதியாகவும் உடையும், மூன்றாகவும் உடையும் என்பதால். 6ஐ எடுத்திருந்தாலும் சரிதான். இரண்டாலும் மூன்றாலும் வகுபடும் மிகச்சிறிய எண் அது. மீ.சி.ம. என்று மூன்று மாசத்துக்கு முன்னால் தனியாக நடத்தி, பரீட்சை வைத்து, மூடிவைத்த பாடத்துக்கு இங்கேதான் வேலை.

இதை விட்டுவிட்டு, நேராகக் குறுக்குப் பெருக்கலுக்குப் போய்விடுகிறோம். வகுப்பறையிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் இப்போது பிரபலம் வண்ணத்துப்பூச்சி முறை: இரண்டு பின்னத்தின் மேல் இறக்கை வரைந்து, குறுக்கே பெருக்கி, கூட்டி, கீழே இரண்டையும் பெருக்கினால் முடிந்தது. தப்பில்லை, விடை சரியாக வரும். 5/12 + 7/18ஐ அப்படிச் செய்தால் 174/216. சரிதான், ஆனால் இதைச் சுருக்க ஒரு பிள்ளை படும் பாட்டைப் பாருங்கள். 36ஐப் பொதுவாக எடுத்தால் 15/36 + 14/36, ஆக 29/36. இரண்டே வரி. மூன்று பின்னம் வந்துவிட்டாலோ பூச்சிக்கு இறக்கை பத்தாது. எனக்கு அந்த முறை மேல் இருக்கும் பெரிய குறை, அதில் 'எவ்வளவு வரும்' என்ற கேள்விக்கே இடமில்லாமல் போவது. இறக்கை வரையும் கை, அரையைவிடக் கூடுமா குறையுமா என்று ஒரு தடவைகூட யோசிக்க வேண்டியதில்லை.

பாட்டிக்கு இது எப்படித் தெரிந்தது?

நாலணாவும் எட்டணாவும் சேர்ந்தால் பன்னிரண்டணா. இதைச் சொல்ல நம் பாட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் செய்தது 1/4 + 1/2 = 3/4. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதால், எல்லாப் பின்னமும் பதினாறில் இத்தனை என்று முன்கூட்டியே ஒரே இனமாக மாற்றி வைக்கப்பட்டிருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 காசாக மாறியது. பேச்சில் நாலணா, எட்டணா இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. 25 காசு 2011 ஜூன் 30 அன்று செல்லாததானபோது அதுவும் ஓய்ந்துவிட்டது.

அதற்கும் முந்தைய ஏற்பாடு இன்னும் நேர்த்தி. தமிழில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பேர் உண்டு. முக்கால், அரை, கால், அரைக்கால் என்று இறங்கி, மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. பெரும்பாலும் எல்லாமே 320இல் அடங்கும்: கால் என்பது 80 முந்திரி, மா என்பது 16 முந்திரி, காணி 4 முந்திரி. இப்போது 'மாகாணி' என்ற சொல்லைப் பாருங்கள். மாவும் காணியும். 16 முந்திரியும் 4 முந்திரியும் சேர்ந்து 20 முந்திரி. 320இல் 20 என்றால் 1/16. வேறு வேறு பகுதி கொண்ட இரண்டு பின்னங்களின் கூட்டல்தான் அந்தச் சொல்லே! 1/20 + 1/80 = 1/16 என்பதைப் பேரிலேயே வைத்துவிட்டார்கள். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் இதையெல்லாம் எண்சுவடியாக மனப்பாடம் செய்தார்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளை வைத்தே நீண்டகாலம் ஆராய்ச்சி செய்து 2022இல் புத்தகம் வெளியிட்டிருக்கிறார்.

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளிக்கு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் போக முடியவில்லை, பெண் பிள்ளைகள் ரொம்ப அபூர்வம். போதாக்குறைக்கு, 320ஐ மூன்றால் வகுக்க முடியாது. மூன்றில் ஒன்று அந்த ஏற்பாட்டில் கச்சிதமாக உட்காராது. ஆனாலும் ஒன்று உண்மை: அன்றைக்குச் சந்தையும் வயலும் பின்னத்தைப் பிள்ளையின் காதில் போட்டுக்கொண்டே இருந்தன. இன்றைக்கு எடை மெஷின் 0.750 என்று காட்டுகிறது, ஜிபே 37.50 என்று அனுப்புகிறது. பின்னம் கேட்கும் ஒரே இடம் வகுப்பறை. அங்கேயும் விட்டுப்போனால் வேறு போக்கிடம் இல்லை.

'படிச்சு முடிச்சாச்சு, இனி எதுக்கு?'

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் போகும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள். சுருக்குதல், மீ.சி.ம., மீ.பெ.கா., சதவீதம், வேலையும் நேரமும். ஒவ்வொன்றும் ஒன்றரை மார்க். 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அங்கே ஒன்றரை மார்க் எத்தனை பேரைப் பின்னுக்குத் தள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதில் அடிக்கடி வரும் வகை இது: ஒரு வேலையை 'அ' 10 நாளில் முடிப்பார், 'ஆ' 15 நாளில் முடிப்பார். சேர்ந்து செய்தால்? ஒரு நாளில் 1/10 + 1/15. பொதுவாக 30 எடுத்தால் 3/30 + 2/30 = 5/30, அதாவது 1/6. ஆக ஆறு நாள். மேலே மேலே கீழே கீழே கூட்டினால் 2/25, அதாவது பன்னிரண்டரை நாள். தனியாக 10 நாளில் முடிப்பவருக்கு ஒரு உதவியாள் கொடுத்ததும் பன்னிரண்டரை நாள் ஆகிறதாம்! (சில ஆபீஸ்களில் நடக்கும்தான், அது வேறு விஷயம்.)

பத்தாம் வகுப்பிலேயே இது வந்துவிடுகிறது. நிகழ்தகவுக் கூட்டல் தேற்றம் முழுக்கப் பின்னக் கூட்டல். இயற்கணிதத்தில் விகிதமுறு கோவைகளைக் கூட்டுவது என்றால், எண் இருந்த இடத்தில் எக்ஸ் வந்து நிற்கும், மீ.சி.ம. எடுப்பது அதேதான். மார்ச் மாதம் அங்கே தடுமாறும் பிள்ளையிடம் 'அல்ஜீப்ரா வீக்' என்று சொல்கிறோம். நாலு வருஷம் பின்னால் போய்த் தேட வேண்டும். ராபர்ட் சீக்லர் தலைமையிலான குழு 2012இல் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்துக் கண்டது இதையேதான்: பத்து வயது வாக்கில் ஒரு பிள்ளைக்குப் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பது, ஐந்தாறு வருஷம் கழித்து அந்தப் பிள்ளையின் கணக்குத் திறனை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. குடும்ப வருமானம், பொதுவான அறிவுத்திறன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும்.

தங்கைக்கு எவ்வளவு நிலம்?

தேர்வைவிடப் பெரிய இடம் ஒன்று இருக்கிறது. சொத்து.

திண்டிவனம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 4 ஏக்கர் 80 சென்ட் பூர்வீக நிலம், அதாவது 480 சென்ட். அப்பா, அம்மா, இரண்டு மகன், ஒரு மகள். பாகப்பிரிவினை ஆகவில்லை, உயிலும் இல்லை. அப்பா இறந்துவிடுகிறார்.

1989க்கு முன்னால் இருந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாவும் இரண்டு மகன்களும்தான் பங்காளிகள். ஆளுக்கு 1/3. அப்பாவின் 1/3 மட்டும் அம்மா, இரண்டு மகன், மகள் என்று நான்காகப் பிரியும், ஆளுக்கு 1/12. ஆக மகனுக்கு 1/3 + 1/12. பொதுவாக 12 எடுத்தால் 4/12 + 1/12 = 5/12, 200 சென்ட். மகளுக்கு வெறும் 1/12, 40 சென்ட்.

தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அப்போது திருமணமாகாத மகள்களைப் பங்காளி ஆக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு இல்லாமல் மகள்களும் பிறப்பாலேயே பங்காளிகள். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கியது. இப்போது அதே கணக்கைப் போடுவோம். பங்காளிகள் நான்கு பேர்: அப்பா, இரண்டு மகன், மகள். ஆளுக்கு 1/4. அப்பாவின் 1/4 நான்காகப் பிரிந்து, அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் 1/16 ஒவ்வொன்று. மகளுக்கு 1/4 + 1/16. பதினாறில் நாலும் ஒன்றும், 5/16. அதாவது 150 சென்ட். அண்ணன் தம்பிக்கும் அதே 150. அம்மாவுக்கு 1/16, 30 சென்ட். (பாட்டி காலத்துப் பேச்சில் காலும் மாகாணியும் என்றால் மகளின் பங்கு முடிந்தது.) கூட்டிப் பாருங்கள், 480 வரும். அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம் என்றால் கணக்கு வேறு: நான்கு பேருக்கும் ஆளுக்கு 1/4.

இந்த 1/4 + 1/16ஐ யாராவது 2/20 என்று எழுதி நீட்டினால் அது 48 சென்ட். 102 சென்ட் காணாமல் போய்விடும். அப்படி யாரும் பத்திரத்தில் எழுத மாட்டார்கள், வக்கீல் இருக்கிறார், பத்திர எழுத்தர் இருக்கிறார் என்பது சரிதான். ஆனால் பெரும்பாலான பாகம் முதலில் பேசப்படுவது வீட்டுத் திண்ணையில். 'உனக்கு நாப்பது சென்ட் வரும்மா, கையெழுத்துப் போடு' என்று அண்ணன் சொல்லும்போது, அது 40ஆ 150ஆ என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் போட்டுப் பார்க்கத் தெரிந்த தங்கை கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வக்கீலைப் பார்த்துப் பிரயோஜனம் குறைவு.

இப்போது என்ன செய்யலாம்?

பெரிய சீர்திருத்தம் எல்லாம் அரசு பார்க்கட்டும். ஒரு சின்ன யோசனை எனக்கு உண்டு: பின்னக் கூட்டலை மூன்றாம் பருவத்தில் ஒரே தடவை நடத்தி முடிக்காமல், ஏழாம் வகுப்பின் முதல் இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் மறுபடி எடுக்கலாம். மீ.சி.ம.வையும் பின்னத்தையும் வெவ்வேறு பருவத்தில் வைக்காமல் அடுத்தடுத்து வைக்கலாம். இரண்டுக்கும் காசு செலவு கிடையாது.

வீட்டில் ஆறு முதல் பத்து வரை படிக்கும் தம்பியோ தங்கையோ அக்கா பிள்ளையோ இருந்தால், இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அந்த அமெரிக்கக் கேள்வியைக் கேளுங்கள். 12/13 + 7/8, தோராயமாக எவ்வளவு? நோட்டை எடுக்கப் போனால் தடுத்துவிடுங்கள். '12/13 ஒன்றைவிடப் பெரிசா, சின்னதா? எவ்வளவு சின்னது?' என்று மட்டும் கேளுங்கள். 2 என்று வந்தால் மீ.சி.ம. பக்கம் தைரியமாகப் போகலாம். 19 என்று வந்தால் திட்ட வேண்டாம், ஸ்கேலை எடுத்து வரச் சொல்லுங்கள்.